ஆடு மட்டும் சொன்ன வார்த்தை

எனக்குச் சோறு போடுவதே சத்தம்தான், ஆனால் எனக்குச் சத்தம் ஆகாது. வளையல் கிணுகிணுப்பு, நாற்காலி முனகல், பேப்பர் புரட்டுகிற சரசரப்பு, பசித்த வயிற்றின் உறுமல், எல்லாமே மைக்கில் விழும். பிறமொழித் தொடர்களுக்குத் தமிழில் குரல் சேர்க்கிற ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைத் திட்டுவதுதான் என் வேலை. என்னிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் தம்பியக்கா.

தம்பியக்காவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. குள்ளம், மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் வெந்நீர் பாட்டில். தெருவில் பார்த்தால் கணக்கு டீச்சர் என்று நினைத்து சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பீர்கள். மைக் முன்னால் வாயைத் திறந்தாலோ மீசை அரும்பாத ஒரு பையன் பேசுவான். கதாநாயகனின் தம்பி, வில்லனின் தம்பி, குளத்தில் விழுந்து பேயாக வருகிற தம்பி என்று எங்கள் கூடத்துக்கு வந்த தம்பிகள் அத்தனை பேரும் அவர் தொண்டையில்தான் குடியிருந்தார்கள். அதனால் தம்பியக்கா. புதிதாகச் சேர்ந்தவர்கள் தம்பி என்பதா அக்கா என்பதா என்று முழிப்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

அவர் குரல் மட்டும் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் வந்து சேருகிற வசனத்தை, திரையில் இருக்கிறவர்களின் வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழில் எழுதுவதும் அவர்தான். சின்னக் கூடத்தில் ஒருவர் தலையில் இரண்டு வேலை விழுவது புதிதல்ல. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆடாக ஆனேன்.

அது ஒரு ஜப்பானிய அனிமே தொடர். நாங்கள் அதை மணித்தொடர் என்றுதான் சொல்வோம். ஒரு தேசத்தையே மூடுபனி விழுங்கிவிட்டது. கடல் ஓரத்துக் கோபுரத்தில் ஒரு மணியைக் கொண்டுபோய் மாட்டி அடித்தால் பனி விலகும். மணியைச் சுமந்துகொண்டு வாள்காரி ஒருத்தி போகிறாள். கூடவே ஒரு தடியான சமையல்காரர், விளக்கு பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியில் நடக்கிற ஓர் அநாதைப் பையன், வாய்க்கொழுப்பு பிடித்த ஒரு பேசும் ஆடு. விளக்குக்காரனுக்குத் தம்பியக்கா. ஆட்டுக்கு ஆள் அகப்படவில்லை. "உங்க குரல் அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் தம்பியக்கா. அன்றிலிருந்து நான் அவருக்கு ஆட்டண்ணன். பார்க்கிறவர்கள் இணையத்தில் ஒவ்வொரு பாத்திரத்தையும் பிரித்து மேய்ந்து பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆட்டைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதியதில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளை முடிவதற்கு முன்பே வந்து, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்போனை மாட்டினேன்.

"அம்மா, மாத்திரை போட்டியா?" என்றான் விளக்குக்காரன்.

திரை இருட்டாக இருந்தது. தொடரில் விளக்குக்காரனுக்கு அம்மாவே கிடையாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டுத் தம்பியக்கா முதுகைக் காட்டி நின்றிருந்தார். முன்னால் இருந்த சாய்வுப் பலகையில் அவருடைய போன் ஸ்பீக்கரில் இருந்தது, மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

"போட்டேம்பா" என்றது ஒரு வயதான பெண்குரல். "நீ எங்கப்பா இருக்க இப்ப?"

"கடல்லதாம்மா. சுத்தித் தண்ணி."

"ஜாக்கிரதை."

"சரிம்மா. வெச்சுடவா?"

போனை அணைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவர் வெளியே வரவும் இல்லை. அந்த அறையில் எதிரொலி கிடையாது, சுவர் முழுக்கப் பஞ்சு. அங்கே சொல்கிற எதுவும் சொன்னவர் வாயோடு செத்துப்போகும். அந்த அறைக்குள் நின்றபடியே, தன் சொந்தக் குரலில், மைக் வழியாகவே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். நிறைய வருஷம் இளையவன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவனைத் தூக்கி வளர்த்ததும், பேசக் கற்றுக்கொடுத்ததும் இவர்தான். "அவன் பேச்சுல பாதி என் பேச்சு" என்றார். குரல் சரியாக முத்துவதற்கு முன்பே கப்பலில் வேலைக்குப் போனான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புயலில் கடலில் விழுந்துவிட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை. சேதி வந்த சமயத்தில் அம்மா இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவோ கண்ணைத் திறந்த நேரமெல்லாம் "தம்பி பேசினானா, தம்பி பேசினானா" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பார்வை மங்கல், நிழல் மாதிரிதான் தெரியும். போனில் யார் நம்பர் வருகிறது என்று பார்க்க முடியாது. இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, ஒரே ஒரு தடவை என்று நினைத்து, போனில் தம்பியாகப் பேசிவிட்டார். அம்மா அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் வாராவாரம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? பெத்தவங்களுக்குப் பிள்ளைக்காக ஒரு தடவை அழுறதுக்குக்கூட உரிமை இல்லையா? இன்னைக்கே சொல்லிடுங்க."

"சொன்னா அம்மா இருக்க மாட்டாங்கண்ணா."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"அம்மா இருக்கிற வரைக்கும்."

 கிளம்பலாம் என்று எழுந்தபோது அவர் சொன்னார்: "அண்ணா, இனிமே நான் பேசும்போது நீங்க அங்கயே உட்கார்ந்திருக்கீங்களா? இந்த இருட்டுல அந்தக் குரலோட தனியா இருக்க எனக்கே பயமா இருக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் நான் காவல் இருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். ஹெட்போனில் ஒரு பையன் சிரிப்பான், கொஞ்சுவான், கடலைப் பற்றிப் பொய் சொல்வான். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த முதுகு திரும்பும்போது அங்கே வேறு யாராவது நின்றுவிடுவார்களோ என்று என் கை வால்யூம் கட்டையிலேயே இருக்கும். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்பது எப்போது என் கவலையாகவும் ஆனது என்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வசனம் ஒளிபரப்பானது.

நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். மூலமான ஜப்பானிய மொழியிலும் அப்படித்தானாம். கேட்கிற ஆளையும் சேர்த்துக்கொள்வதா, வெளியே நிறுத்துவதா என்று தமிழில் எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். நமக்கு அது தீர்மானமே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி தானாக வருகிற விஷயம். மலைப்பாதையில் பனி கவிந்துகொண்டு வருகிறது. வாள்காரி நின்று, பின்னால் வருகிற விளக்கைப் பார்த்துச் சொல்கிறாள்: "பயப்படாத. நாங்க போய்ச் சேர்ந்துருவோம்." எழுதியவரும் கவனிக்கவில்லை, பேசியவளும் கவனிக்கவில்லை, காதை விற்றுப் பிழைக்கிற நானும் கவனிக்கவில்லை.

பார்த்தவர்கள் விடுவார்களா? மறுநாளே கிழிகிழியென்று கிழித்துவிட்டார்கள். "கூடவே நடக்கிற பையன்கிட்ட நாங்கன்னு சொல்றா. எழுதினவங்களுக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா?" என்று ஒருவர். "தப்பே இல்ல. வாள்காரிக்கு அவன் ஒரு விளக்குத் தண்டு, அவ்வளவுதான். கல்நெஞ்சக்காரி" என்று இன்னொருவர். உடனே வாள்காரியின் ரசிகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய கடுமைக்குள் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது, அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்து எத்தனை நாளாகிறது யோசித்துப் பாருங்கள் என்று ஒருவர் நீளமாக எழுதினார். அது உண்மையிலேயே நல்ல அலசல். ஆட்டுக்கு வழக்கம்போல ஒன்றும் இல்லை.

பிறகு பூனைக்கண் என்ற பெயரில் எழுதுகிற ஒரு பெண், முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு எழுதினாள்: "மலைப்பாலம் அறுந்துச்சே, அதுக்கு அப்புறம் யாருமே விளக்குக்காரன்கிட்ட நாமன்னு சொல்லல. ஒரு தடவைகூட. சமையல்காரர் தினமும் அவன் முன்னாடி கிண்ணம் வைக்கிறார், அவன் சாப்பிட்டு நான் பார்க்கல. அவன் பேசினா யாரும் பதில் பேசுறதில்ல. எல்லாருக்கும் குரல் முத்திப்போச்சு, இவனுக்கு மட்டும் இத்தனை சீசனா அதே குரல். அவன் பாலத்தோடயே போயிட்டான்னு நினைக்கிறேன். பின்னாடி வர்றது வெறும் விளக்கு. அவங்க அதைப் பார்த்துப் பேசிக்கிறாங்க, நம்ம வீட்ல செத்தவங்க போட்டோவைப் பார்த்துப் பேசுற மாதிரி. அவன் இருக்கான்னு தெரிஞ்சது ஆட்டுக்கு மட்டும்தான். ஆடு மட்டும்தான் அவன்கிட்ட நாமன்னு சொல்லுது."

ஆட்டைப் பற்றி முதன்முதலாக ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தேன். ஆட்டுக்கு எழுதித் தந்த வசனம் பாதி, நானாக அவிழ்த்துவிட்டது பாதி. "வாடா, நாம போலாம்" என்று நானாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பியக்காவிடம் காட்டினேன். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது.

"வேணும்னுதான் எழுதினீங்களா?"

"இல்லண்ணா, சத்தியமா இல்ல. கதை எங்க போகுதுன்னே எனக்குத் தெரியாது. கை தானா எழுதியிருக்கு." பிறகு சொன்னார்: "தம்பிகிட்ட மனசுக்குள்ள தினமும் பேசுவேன். நாங்க நல்லா இருக்கோம்டா, நீ கவலைப்படாதன்னு. இல்லாதவன்கிட்ட வேற எப்படிப் பேசுறது?"

மேலாளர் அலறிக்கொண்டு வந்தார், வசனத்தை மாற்றச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்தச் சண்டையைப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும், அது தன் யோசனைதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தம்பியக்காவுக்குக் கவலை வேறு. வீட்டில் அம்மாவும் அந்தத் தொடரைக் கேட்கிறார். படம் தெரியாது என்பதால் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். விளக்குக்காரனுக்கு மூக்கிலிருந்து, தம்பிக்கு நெஞ்சிலிருந்து என்று தம்பியக்கா இரண்டு குரலையும் பிரித்துத்தான் வைத்திருந்தார். ஆனால் குரல் முத்தவே இல்லை என்று ஊர்பேர் தெரியாத ஒருத்திக்கே தெரிகிறதே.

அந்த வாரப் பேச்சில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், முப்பதைத் தாண்டியவன் பேசுகிற மாதிரி.

"என்னப்பா, தொண்டை கட்டியிருக்கா?" என்றார் அம்மா. "நீ உன் குரல்லயே பேசு."

அவர் பழைய குரலுக்கே திரும்பினார். அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்று நாங்கள் சமாதானப்பட்டுக்கொண்டோம். வேறு வழி?

அடுத்த சில வாரங்களில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி அழைத்துப்போக வேண்டியிருந்தது. தம்பியக்கா சரியாகத் தூங்காமல் வந்து நிற்பார், கண்ணுக்குக் கீழே கருவளையம். அப்படி ஒருநாள், இரண்டு டேக் பேசிமுடித்த கையோடு வீட்டுக்குப் போன் போட்டார். நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன்.

"கால் வீக்கம் எப்படிம்மா இருக்கு? நேத்து நாம அந்த பெஞ்சுல எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம்..."

சொல்லும்போதே அவர் முதுகு விறைத்தது.  நாம என்று சொன்னது தம்பி. ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தது அக்கா. கடலில் இருக்கிறவன் எப்படி நேற்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்? அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த வீட்டுக் கடிகாரம் ஓடுவது எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

பிறகு அம்மா சொன்னார்: "ஆமாப்பா. நாம ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்."

அவ்வளவுதான். கால் வீக்கத்தைப் பற்றிச் சொன்னார், மாத்திரை கசக்கிறது என்றார், வைத்துவிட்டார்.

தம்பியக்கா வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கவனிச்சிருக்க மாட்டாங்கண்ணா. வயசாயிடுச்சுல்ல?"

"கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறவர் கவனிக்காமல் இருப்பாரா? கவனித்தும் காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். இந்த இரண்டும் பரவாயில்லை. மூன்றாவதாக எனக்கு ஒன்று தோன்றியது, அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த பெஞ்சில் தன் இன்னொரு பக்கத்தில் மகனும் உட்கார்ந்திருந்ததாக அந்த அம்மாவுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கலாம். நிழல் மாதிரிதான் தெரிகிற கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்று நாம் யார் சொல்வதற்கு?

வீட்டில் அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம். அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டாராம். தம்பியக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

புது எபிசோடுகளுக்கான வசனம் வந்து சேர்ந்தது. தம்பியக்கா படித்துவிட்டு அந்தத் தாள்களை என் மேசைமேல் வைத்தார். பூனைக்கண் எழுதியது அப்படியே நடந்திருந்தது. பாலம் அறுந்தபோது கயிற்றைப் பிடித்திருந்தவள் வாள்காரி. மணியா பையனா என்று வந்தபோது அவள் மணியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்டாள். விளக்கு மட்டும் பாறையில் சிக்கிக் கிடைத்தது. அன்றிலிருந்து அதைக் கடைசியில் ஒரு கழியில் கட்டி இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். நாம் இதுவரை பார்த்த பையன், ஆட்டின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த பையன்.

அது ஒளிபரப்பான அன்று இணையம் அமளிதுமளிப்பட்டது. "உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதது தமிழ்ல எழுதினவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள். வாள்காரியைத் திட்டியவர்கள் அவளுக்காக அழுதார்கள். சமையல்காரர் ஒவ்வொரு வேளையும் வைத்த அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒருவர் எழுதியதைப் படித்து நானும் கொஞ்சம் அழுதேன், மறைப்பானேன்? மறுநாள் மேலாளர் கேக் வாங்கி வந்தார். தம்பியக்கா தொடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து அம்மா அந்த எபிசோடைக் கேட்டாங்கண்ணா, முழுசா. முடிஞ்சதும் நான் சும்மா, என்னம்மா இப்படி ஆயிடுச்சேன்னு சொன்னேன். அதுக்கு அம்மா சொல்றாங்க, இதுல என்னடி ஆச்சரியம், அவன் தண்ணியில போனது எனக்கு முன்னாடியே தெரியும்னு."

"கதையைச் சொல்லியிருப்பாங்க."

"கதையில அவன் தண்ணியில விழவே இல்லையே. பாலம், பனி, கயிறு, அவ்வளவுதானே?" அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். "அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சாண்ணா?"

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவரிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த வாரம் போன் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. தள்ளிப் போட்டார். இரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில், நான் கேட்காமலே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் விளக்கை அணைத்தார். நான் ஹெட்போனை மாட்டினேன். மணி அடித்த மறுகணமே அம்மா எடுத்துவிட்டார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்ததுபோல.

"வந்துட்டியாப்பா" என்றார்.

"ம். எப்படிம்மா இருக்க?"

"அங்க குளிருதாப்பா?"

"இல்லம்மா."

"இருட்டா இருக்கா?"

தம்பியக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். கப்பலைப் பற்றி எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார், இந்தக் கேள்வி வந்ததே இல்லை. "விளக்கு இருக்கும்மா" என்றது பையன் குரல். மூக்கிலிருந்து வந்ததா நெஞ்சிலிருந்து வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

"அது போதும்" என்றார் அம்மா. "அப்ப நாம கிளம்பலாம்பா."

"எங்கம்மா?"

 அம்மா மிகச் சாதாரணமாக, கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டார்: "அக்கா பக்கத்துல இருக்காளா?"

தம்பியக்கா திரும்பி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். காப்பாற்றுங்கள் என்கிற பார்வை. நான் என்ன செய்வேன்? அவர் மறுபடி போன் பக்கம் திரும்பினார்.

"இருக்காம்மா."

"போனை அவகிட்ட குடு."

அந்த அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். பலகையிலிருந்து போனை இடது கையால் எடுத்து, வலது கைக்கு மாற்றினார். அப்படி மாற்றியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"அம்மா" என்றார் தன் குரலில்.

"அழாதடி. நீ நல்லா பார்த்துக்கிட்ட, எங்க ரெண்டு பேரையும். நாங்க கிளம்புறோம்."

கொடுத்த போன் அப்படியே கையில் இருந்தது. அந்தப் பக்கம் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிய வேகத்துக்கு வழியில் எல்லோரும் திட்டினார்கள். அம்மா ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தார், மடியில் போன். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தார். முகத்தில் கஷ்டப்பட்ட சுவடே இல்லை. எல்லாம் முடிந்திருந்தது.

கீழ்வீட்டு அம்மாதான் அவ்வப்போது மேலே வந்து பார்த்துக்கொள்கிறவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பியக்காவிடம் கேட்டார்: "பையன் வந்துட்டானா? கொஞ்சம் முன்னாடி பேச்சுக்குரல் கேட்டுச்சே. அம்மாவும் பிள்ளையும் பேசிக்கிறாங்கன்னு நான் மேல வராம இருந்துட்டேன்."

"போன் ஸ்பீக்கர்ல இருந்திருக்கும்" என்றேன் நான் அவசரமாக.

 எல்லாக் காரியமும் முடிந்து பல நாள் கழித்துத்தான் தம்பியக்கா சொன்னார், அம்மாவின் போனில் ஸ்பீக்கர் போன வருஷமே கெட்டுப்போய்விட்டது, காதில் வைத்துத்தான் கேட்க முடியும் என்று. 

மணித்தொடரின் கடைசி எபிசோடு வந்தது. கோபுரத்தில் மணி அடிக்கிறது, பனி விலகுகிறது. விளக்குக்காரன் தன் விளக்கை ஊதி அணைக்கிறான். அவனுக்கு ஒரே ஒரு வரி: "இனிமே வெளிச்சம் வேணாம். நீங்க போங்க." தம்பியக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். திரையில் பையனின் உதடு அசைந்தது. ஹெட்போனில் கேட்டது, களைத்துப்போன ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் குரல்.

மறுபடி போட்டேன். மறுபடியும் அதே குரல். வெந்நீர் குடித்தார், மூச்சை இழுத்துப் பிடித்தார், மூக்கிலிருந்து முயன்றார், நெஞ்சிலிருந்து முயன்றார். எத்தனை டேக் போனது என்று நான் எண்ணவில்லை. வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது டேக்கிலேயே என் வாயால் தோலை உரித்திருப்பேன். அந்த வரியைப் பிறகு வேறொரு பெண் வந்து பேசிக் கொடுத்தாள், நன்றாகத்தான் பேசினாள். "இது அவன் குரல் இல்ல. அவன் முன்னாடியே போயிட்டான்" என்று பூனைக்கண் ஒரே வரியில் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்குத் தம்பியக்கா ஹெட்போனோடு அந்த இருட்டில் நின்றுகொண்டே இருந்தார். "வரலண்ணா" என்றார். "அவனையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இத்தனை வருஷம் ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தானே நின்னேன்? என்னை மட்டும் விட்டுட்டு, நாங்க கிளம்புறோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." அம்மா போன அன்று அழாதவர் அப்போது அழுதார், சின்னப் பிள்ளை மாதிரி, சத்தம் போட்டு. பஞ்சுச் சுவர் அத்தனையையும் குடித்தது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. திட்டத்தான் தெரியும். பேசுகிற பொத்தானை அழுத்தினேன், என் குரலில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஆட்டின் குரலில் சொன்னேன்.

"அழுதது போதும், வாங்க. நாம போய் டீ குடிப்போம்."

அவர் தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"நாமளா?"

"நாமதான்."

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.